எக்ஸெப்ஷன் வந்தது சரி, எதனால் வந்தது?

மெத்தடுக்கு (பெயர் சொல்லி அழைக்கும் கோட் துண்டு) தப்பான ஆர்குமென்ட் (நாம் அதற்குக் கொடுக்கும் மதிப்பு) கொடுத்தால் அது ஒழுங்காகப் பிழை சொல்கிறதா, அதாவது எக்ஸெப்ஷன் எறிகிறதா, என்று பார்க்கும் டெஸ்ட்கள் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ரிவ்யூவில் யாரும் நின்று படிக்காத டெஸ்ட்கள் இவைதான். மூன்று வரி இருக்கும், பெயரைப் பார்த்தாலே என்ன செய்கிறது என்று புரிந்துவிடும், பச்சையாக, அதாவது பாஸ் ஆகி, ஓடும், அப்ரூவ் கொடுத்துவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விடுவோம். ஜாவாவிலும் பைத்தானிலும், நடுவில் கொஞ்ச காலம் சி ஷார்ப்பிலும் வேலை செய்த அனுபவத்தில் சொல்கிறேன், எதையுமே சோதிக்காமல் பச்சை காட்டிக்கொண்டிருக்கும் டெஸ்ட்கள் ஒரு ப்ராஜெக்டில் எங்கே இருக்கும் என்று கேட்டால் நான் முதலில் இங்கேதான் தேடுவேன்.

எனக்கு இதில் இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம், வேறொரு டீமிடமிருந்து எங்கள் கைக்கு வந்த ஒரு முன்பதிவு மாட்யூல். அதில் ஒரு மெத்தட், 'ஒதுக்கு' என்று வைத்துக்கொள்வோம். அறை, தொடக்க நேரம், முடிவு நேரம், ஆட்களின் எண்ணிக்கை என்று நான்கு ஆர்குமென்ட். அறை கொடுக்காவிட்டால் பிழை வர வேண்டும் என்று அதற்கு ஒரு டெஸ்ட் இருந்தது. அந்த டெஸ்ட் மெத்தடை எப்படி அழைத்தது தெரியுமா? 'நல்', 'நல்', 'நல்', 0 ('நல்' என்றால் மதிப்பே இல்லை). நல்பாயிண்டர்எக்ஸெப்ஷன் வந்தால் பாஸ். நாம் பார்க்கப்போவது அறையை மட்டும்தானே, மற்ற மூன்றும் எப்படி இருந்தால் என்ன என்ற எண்ணத்தில் எழுதியது.

பிறகு கோடை ஒழுங்குபடுத்திய ஏதோ ஒரு ரீஃபாக்டரிங்கில் அறையைச் சரிபார்க்கும் வரி தொலைந்துபோயிருக்கிறது. டெஸ்ட் அசையவில்லை. ஏனென்றால் அதற்கு அடுத்த வரி தொடக்க நேரத்தைச் சரிபார்த்தது, அதுவும் 'நல்', அதுவும் அதே வகை எக்ஸெப்ஷனை எறிந்தது. அப்புறம் நடந்தது என்னவென்றால், அறையே இல்லாத முன்பதிவுகள் டேட்டாபேஸில் சேர ஆரம்பித்தன, அங்கே சத்தமில்லாமல் கிடந்தன, அறிக்கை தயாரிக்கும் வேறொரு மாட்யூல் அவற்றை எடுத்துப் படித்தபோதுதான் வெடித்தது. பிழை எந்த அழைப்புகள் வழியாக வந்தது என்று காட்டும் ஸ்டாக் ட்ரேஸ் கைகாட்டியது அந்த அறிக்கை மாட்யூலை. அதில் ஒரு தப்பும் கிடையாது. தப்பான மதிப்பு உள்ளே நுழைந்த இடத்தில் கேள்வி கேட்கப்பட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்க வேண்டிய விஷயத்தை, எங்கெங்கோ தோண்டித்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

அதிலிருந்து நான் விடாமல் பின்பற்றும் முறை ஒன்று உண்டு, இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எல்லா ஆர்குமென்டும் சரியாக இருக்கும் ஒரு அழைப்பை எழுதுங்கள், அது எந்தப் பிழையும் இல்லாமல் முடிகிறது என்பதற்கே ஒரு டெஸ்ட் வையுங்கள். பிறகு ஒவ்வொரு தோல்வி டெஸ்ட்டிலும் அந்தச் சரியான அழைப்பிலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் கெடுங்கள். அறையைச் சோதிக்கிறோமா, நேரங்கள் இரண்டும் சரியாக இருக்க வேண்டும், எண்ணிக்கையும் சரியாக இருக்க வேண்டும். அப்போது பிழை வந்தால் அது அறையால்தான் வந்தது என்று ஓரளவு நம்பலாம். அந்த அடிப்படை அழைப்பு பாஸ் ஆகிறது என்ற டெஸ்ட்டைப் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், எதைக் கொடுத்தாலும் எக்ஸெப்ஷன் எறியும் ஒரு மெத்தட் உங்கள் எல்லா வேலிடேஷன் டெஸ்ட்களையும் பாஸ் செய்துவிடும், யோசித்துப் பாருங்கள்.

ஓரளவு என்று சொன்னேன், ஏனென்றால் பிழையின் வகை மட்டும் போதாது. ஜாவாவில் நம்பர்ஃபார்மட்எக்ஸெப்ஷன் என்பது இல்லீகல்ஆர்குமென்ட்எக்ஸெப்ஷனின் வாரிசு, அதாவது அதன் ஒரு உள்வகை. ஜாவாவின் டெஸ்ட் கருவியான ஜேயூனிட்டில், இந்த எக்ஸெப்ஷன் வர வேண்டும் என்று சொல்லும் அசெர்ட்த்ரோஸ் வாரிசு வகைகளையும் ஏற்றுக்கொள்ளும். ஆகவே இல்லீகல்ஆர்குமென்ட் வர வேண்டும் என்று நீங்கள் எழுதிய டெஸ்ட்டில், உங்கள் சரிபார்ப்பை எட்டுவதற்கு முன்பே எங்கோ ஒரு ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்றும் வரி தோற்றுப்போனாலும் பச்சைதான். பைத்தானிலும் இதே கதை: ஜேசன் என்ற வடிவத்தில் உள்ள தரவைப் படிக்கும்போது வரும் டீகோட் பிழையும், யூனிகோட் டீகோட் பிழையும் வேல்யூஎர்ரரின் வாரிசுகள். பைத்தானின் டெஸ்ட் கருவியான பைடெஸ்ட்டில் வெறும் எக்ஸெப்ஷன் என்று எழுதிப் பிடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் ரிவ்யூவில் நிறுத்திவிடுகிறேன். மெத்தட் பெயரை எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தாலும் அதனால் வரும் பிழையைக் கூட அது பிடித்துக்கொண்டு பாஸ் ஆகிவிடும். ஜாவாஸ்கிரிப்டின் டெஸ்ட் கருவியான ஜெஸ்ட்டில், பிழை வருகிறதா என்று பார்க்கும் டுத்ரோவை எதுவும் கொடுக்காமல் அழைத்தாலும் அப்படித்தான். ஜாவாவில் வகை துல்லியமாக இருக்க வேண்டும் என்றால் ஜேயூனிட் 5.8-லிருந்து அசெர்ட்த்ரோஸ்எக்ஸாக்ட்லி இருக்கிறது, ஆனால் அதைவிட வந்த எக்ஸெப்ஷனைக் கையில் வாங்கி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் பலன் தருகிறது.

பழைய ப்ராஜெக்ட்களில் இன்னும் ஜேயூனிட் 4 பாணி டெஸ்ட்கள் நிறையக் கிடக்கின்றன. டெஸ்ட் அனோட்டேஷனிலேயே (டெஸ்ட் மெத்தடின் மேல் ஒட்டும் குறிப்பு) எந்த எக்ஸெப்ஷன் எதிர்பார்க்கிறோம் என்று எழுதிவிடுவது. அதில் சிக்கல், டெஸ்ட் மெத்தடின் எந்த வரியில் அந்த எக்ஸெப்ஷன் வந்தாலும் பாஸ். முதலில் ஆப்ஜெக்டை உருவாக்கும் வரியில் வந்தாலும்தான். அசெர்ட்த்ரோஸ் வந்தது இதைச் சரிசெய்யத்தான், ஜேயூனிட் 5-ல் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது, 4-லேயே இருக்க வேண்டியவர்களுக்கு 4.13-ல் கிடைக்கும். ஆனால் கருவி மாறினால் மட்டும் போதாது: அசெர்ட்த்ரோஸுக்குக் கொடுக்கும் லேம்டாவுக்குள் (பெயரில்லாத சின்ன ஃபங்ஷன்), அல்லது பைடெஸ்ட் ரெய்ஸஸ் பிளாக்குக்குள், ஐந்தாறு வரிகளைத் திணித்து வைத்தால் பழைய பிரச்சினை அப்படியே திரும்பி வந்துவிடும். தயாரிப்பு வேலை எல்லாம் வெளியே, உள்ளே நாம் சோதிக்கும் ஒரே ஒரு அழைப்பு மட்டும். அழைப்பின் ஆர்குமென்டுக்குள்ளேயே ஆப்ஜெக்டை உருவாக்கும் இன்னொரு கன்ஸ்ட்ரக்டரைக் கூப்பிடுவதையும் தவிர்த்துவிடுங்கள், அதுவும் பிழை எறியக்கூடியதுதான்.

அதைவிடப் பழைய முறை, ட்ரை-கேட்ச் போட்டு (ட்ரையில் ஓட்டி, வரும் எக்ஸெப்ஷனைக் கேட்ச்சில் பிடிப்பது), அழைப்புக்கு அடுத்த வரியில் ஃபெயில் என்று எழுதுவது. அந்த ஃபெயிலை மறந்துவிட்டால், எக்ஸெப்ஷன் வராதபோதும் டெஸ்ட் பாஸ். மறக்காமல் எழுதி, கேட்ச்சில் எல்லா வகைப் பிழையையும் பிடிக்கும் த்ரோயபிள் என்று அகலமாகப் போட்டுவிட்டால், ஃபெயில் எறியும் அசெர்ஷன் எர்ரரையே கேட்ச் விழுங்கிவிடும், மறுபடியும் பாஸ். இந்த மாதிரி டெஸ்ட்டைப் பார்த்தால் விவாதிக்காமல் மாற்றிவிடுவது நல்லது.

இனி, சரிபார்ப்பு எப்போது நடக்கிறது என்ற விஷயம். இதைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. பைத்தானில் ஒரு ஃபங்ஷனுக்குள் எங்காவது யீல்ட் வந்துவிட்டால் அது ஜெனரேட்டர், கேட்கக் கேட்க மதிப்புகளை ஒவ்வொன்றாகத் தருவது. அதை அழைத்தால் உள்ளே ஒரு வரி கூட ஓடாது, முதல் மதிப்பைக் கேட்கும்போதுதான் ஓட ஆரம்பிக்கும். அதாவது நீங்கள் ஃபங்ஷனின் தலையிலேயே அழகாக எழுதி வைத்த ஆர்குமென்ட் சரிபார்ப்பும் அப்போதுதான் ஓடும். தப்பான மதிப்போடு அழைத்தவர் ஒரு இடத்தில், அந்த ஜெனரேட்டரை வாங்கி லூப் போடுபவர் வேறொரு ஃபைலில், பிழை வெடிப்பது இரண்டாமவர் தலையில். சி ஷார்ப்பில் யீல்ட் ரிட்டர்ன் உள்ள மெத்தட்களும் அச்சு அசலாக இப்படித்தான் நடந்துகொள்ளும்.

இதில் டெஸ்ட் எழுதுபவர்கள் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள் என்றால், அழைத்தால் பிழை வரவில்லையே என்று பார்த்து, லிஸ்ட்டாக மாற்றும் அழைப்பைச் சுற்றிப் போட்டு டெஸ்ட்டைப் பாஸ் ஆக்கிவிடுகிறார்கள். டெஸ்ட் நமக்கு ஒரு உண்மையான குறையைக் காட்டியது, அதை மூடி மறைத்துவிட்டோம். சரியான வழி மெத்தடை இரண்டாகப் பிரிப்பது: வெளியில் தெரியும் மெத்தட் சாதாரணமானது, சரிபார்த்துவிட்டு உள்ளே இருக்கும் ஜெனரேட்டரைத் திருப்பித் தரும். அப்புறம் வெறுமனே அழைத்த உடனேயே பிழை வருகிறது என்று டெஸ்ட் எழுதலாம், அந்த டெஸ்ட் யாராவது மறுபடி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் சிவப்பாகும்.

அசிங்க்கிலும், அதாவது முடிவு பிறகு வந்து சேரும் வேலைகளிலும், இதே மாதிரி ஒரு சிக்கல் உண்டு. சி ஷார்ப்பின் அசிங்க் மெத்தடில் எறியப்படும் எக்ஸெப்ஷன், அந்த வேலையைக் குறிக்கும் டாஸ்க்குக்குள் போய் உட்கார்ந்துவிடும், அவெய்ட் செய்தால்தான், அதாவது அது முடியக் காத்திருந்தால்தான், வெளியே வரும். ஜெஸ்ட்டில் ஒரு ப்ராமிஸ் (ஜாவாஸ்கிரிப்டில் பிறகு வரும் முடிவைக் குறிப்பது) ரிஜெக்ட் ஆகிறதா, அதாவது தோற்கிறதா, என்று பார்க்கும் வரிக்கு முன்னால் அவெய்ட் போட மறந்தால், அந்தச் சரிபார்ப்பு முடிவதற்குள் டெஸ்ட் முடிந்து பாஸ் என்று எழுதிவிடும். எத்தனை அசெர்ஷன் (டெஸ்ட்டில் உள்ள சரிபார்ப்பு) ஓட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லும் வசதி ஜெஸ்ட்டில் இருக்கிறது, எக்ஸ்பெக்ட் அசெர்ஷன்ஸ், அசிங்க் தோல்வி டெஸ்ட்களில் அதைப் போடுவதை நாங்கள் டீம் விதியாகவே வைத்திருந்தோம். அவெய்ட் இல்லாத ப்ராமிஸைக் கண்டுபிடிக்கும் லின்ட் (கோடை ஓட்டாமலே குறை காட்டும் கருவி) விதியும் சேர்த்தால் இன்னும் நல்லது.

சரி, எந்த மதிப்புகளைக் கொடுத்துச் சோதிப்பது? எல்லைக்கு இந்தப் பக்கம் ஒன்று, எல்லையில் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதை விளக்கப்போவதில்லை. எல்லையில் உள்ள மதிப்பு ஏற்கப்படுகிறது என்ற பாஸ் டெஸ்ட்டையும் எழுதுங்கள் என்று மட்டும் சொல்கிறேன், சின்னதா, சின்னது அல்லது சமமா என்ற குழப்பம் அங்கேதான் மாட்டும். நான் சொல்ல நினைப்பது எல்லைகளுக்குள் அடங்காத சில மதிப்புகளைப் பற்றி.

முதலாவது, மிதவை எண்களில் (தசமப் புள்ளி உள்ளவை) எண்ணே அல்லாத ஒரு மதிப்பு, 'நேன்'. ஜாவாவில் 0.0-ஐ 0.0-ஆல் வகுத்தால் கிடைக்கும். அதை எதோடு ஒப்பிட்டாலும், பெரியதா, சின்னதா, சமமா, எல்லாவற்றுக்கும் இல்லை என்றே பதில் வரும். இப்போது ஒரு சதவீதத்தைச் சரிபார்க்க, 0-க்குக் கீழே அல்லது 100-க்கு மேலே இருந்தால் பிழை என்று எழுதியிருக்கிறீர்கள். 'நேன்' இரண்டுமில்லை. நேராக உள்ளே போய்விடும், போன பிறகு அது தொட்ட கணக்கெல்லாம் 'நேன்' ஆகும். அதையே, 0-க்குக் குறையாமலும் 100-ஐத் தாண்டாமலும் இருந்தால்தான் சரி, மற்றதெல்லாம் பிழை என்று திருப்பி எழுதினால் தானாக மாட்டிக்கொள்ளும். மிதவை எண் வாங்கும் எந்த மெத்தடுக்கும் இந்த ஒரு டெஸ்ட்டைச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது கூட்டலே வரம்பை மீறும் நிலை. ஜாவாவில் ஒரு பஃபரிலிருந்து (தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) படிக்கும் மெத்தட், தொடக்கமும் நீளமும் சேர்ந்து மொத்த அளவைத் தாண்டினால் பிழை என்று எழுதப்பட்டிருக்கிறது. தொடக்கம் 10, நீளம் 2147483647 கொடுங்கள். கூட்டினால் இன்ட் என்ற முழு எண் வகையில் அடங்காமல் சுற்றிக்கொண்டு எதிர்மறை எண்ணாகிவிடும், எதிர்மறை எண் மொத்த அளவைவிடச் சின்னது, சரிபார்ப்பு பாஸ். கூட்டுவதற்குப் பதில் மொத்த அளவிலிருந்து தொடக்கத்தைக் கழித்து ஒப்பிட வேண்டும், அல்லது ஜாவா 9-லிருந்து இருக்கும் செக்ஃப்ரம்இண்டெக்ஸ்சைஸைப் பயன்படுத்திவிடலாம். பைத்தானின் முழு எண்களுக்கு இந்த வரம்பு இல்லை, அங்கே வேறொரு தொல்லை: பூல் (ட்ரூ, ஃபால்ஸ் என்ற இரண்டு மதிப்புகளின் வகை) என்பது இன்ட்டின் வாரிசு என்பதால், முழு எண்ணா என்று கேட்டால் ட்ரூவும் ஆமாம் என்று கைதூக்கும். ஆட்களின் எண்ணிக்கையாக ட்ரூ வந்தால் ஏற்பதா என்று நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும், எது முடிவோ அதற்கு ஒரு டெஸ்ட் இருக்கட்டும்.

ஸ்ட்ரிங் என்றால் 'நல்', காலி, வெற்றிடம் மட்டும் என்று மூன்றையும் சோதிப்பார்கள். ஜேயூனிட் 5-ல் முதல் இரண்டுக்கும் தனி அனோட்டேஷனே இருக்கிறது, பாரமீட்டரைஸ்டு டெஸ்ட்டில் ஒரே வரியில் சேர்க்கலாம். ஆனால் வெற்றிடம் என்பதிலேயே பல வகை. ஜாவா 11-ல் வந்த இஸ்பிளாங்க், உடையாத இடைவெளி எழுத்தை வெற்றிடமாகக் கணக்கில் எடுப்பதில்லை. பைத்தானின் ஸ்ட்ரிப் அதை வெட்டிவிடும். அகலமே இல்லாத ஜீரோ விட்த் ஸ்பேஸை இரண்டுமே வெற்றிடமாகப் பார்ப்பதில்லை. வேறு எங்கிருந்தோ காப்பி பேஸ்ட் செய்த பெயர்களில் இந்த இரண்டும் ஒட்டிக்கொண்டு வருவது சர்வசாதாரணம். நீளத்துக்கு வரம்பு வைப்பவர்கள் தமிழில் ஒரு டெஸ்ட் எழுதிப் பாருங்கள்: 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து கோட் பாயிண்ட் (தனி எண் பெற்ற குறிகள்), அதைச் சேமிக்கும் முறைகளில் ஒன்றான யூடிஎஃப்-8-ல் 15 பைட். வரம்பு எதன் அடிப்படையில் என்று பிழைச் செய்தி சொல்லாவிட்டால், பத்து எழுத்துகூட இல்லாத பெயரை நீளம் அதிகம் என்று ஏன் தள்ளுகிறது என்று பயனர் விழிப்பார். 'கொ' போன்ற எழுத்துகளை இரண்டு விதமாக யூனிகோடில் சேமிக்க முடியும் என்பதால் நார்மலைஸ் செய்த (ஒரே விதத்துக்கு மாற்றிய) பிறகு அளப்பதா முன்பா என்பதும் ஒரு முடிவு.

தனித்தனியாகச் சரியாக இருந்து, சேர்த்துப் பார்த்தால் தப்பாக இருக்கும் ஆர்குமென்ட்கள்தான் இருப்பதிலேயே ஆபத்து. தொடக்க நேரம் சரி, முடிவு நேரம் சரி, ஆனால் முடிவு முன்னால் வருகிறது. இரண்டும் ஒரே வகை என்பதால் இடம் மாற்றிக் கொடுத்தாலும் கம்பைலர் ஒன்றும் சொல்லாது. 2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை, இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் இருந்தது, அடிப்படையில் இந்த வகைதான்: மறுமுனையிலிருந்து ஒரு தகவலும் அதன் நீளமும் வரும், அந்த நீளம் உண்மையிலேயே வந்த தகவலின் நீளத்துக்குள் அடங்குகிறதா என்று யாரும் ஒப்பிடவில்லை. சின்னத் தகவலை அனுப்பிப் பெரிய நீளத்தைச் சொன்னால், சர்வரின் நினைவகத்திலிருந்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை திரும்பி வந்தது. ஒவ்வொரு ஆர்குமென்டுக்கும் டெஸ்ட் எழுதி முடித்ததும், இதில் எந்த இரண்டுக்கு நடுவே உறவு இருக்கிறது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். முன்பதிவு மாட்யூலில் அப்படிக் கேட்டபோது, ஆட்களின் எண்ணிக்கைக்கும் அறையின் கொள்ளளவுக்கும் நடுவே எந்தச் சரிபார்ப்பும் இல்லை என்று தெரியவந்தது.

இப்போது பிழைச் செய்தி. இதைச் சோதிக்கத் தேவையில்லை என்று சொல்பவர்களோடு நான் பல முறை வாதாடியிருக்கிறேன். செய்தியைப் படிக்கப்போவது யார்? புரொடக்‌ஷனில் ஏதோ உடைந்து, தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டு, இந்தக் கோடை இதுவரை பார்த்தேயிராத ஒருவர். அவருக்குக் கிடைப்பது, நடந்ததை நிரல் எழுதி வைக்கும் லாகில் ஒரு வரி. "தவறான ஆர்குமென்ட்" என்று மட்டும் அந்த வரி சொன்னால் அவருக்கு ஒரு உபயோகமும் இல்லை. எந்த ஆர்குமென்ட், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், இந்த மூன்றும் வேண்டும். "ஆட்கள் எண்ணிக்கை 1 முதல் 40 வரை இருக்க வேண்டும், வந்தது: -3." இது இருந்தால் அவர் பாதி வழியைத் தாண்டிவிட்டார்.

ஜாவாவில் 'நல்' வந்தால் பிழை எறியும் ரிக்வயர்நான்நல்லைச் செய்தி இல்லாமல் அழைப்பது எங்கும் பார்க்கும் பழக்கம், அப்படி வரும் எக்ஸெப்ஷனில் செய்தியே இருக்காது. ஜாவா 14-ல் நல்பாயிண்டர் பிழைகளுக்கு விளக்கமான செய்திகள் வந்ததே என்பார்கள், அது ஜேவிஎம் (ஜாவா நிரல்களை ஓட்டும் மென்பொருள்) தானாக எறிபவற்றுக்காகக் கொண்டுவரப்பட்டது, நாம் வெளிப்படையாக உருவாக்கி எறிபவற்றுக்கு இல்லை. அதனால் இரண்டாவது ஆர்குமென்டாகப் பெயரைக் கொடுத்துவிடுங்கள். சி ஷார்ப்பில் ஒரு பொறி இருக்கிறது: ஆர்குமென்ட்எக்ஸெப்ஷனின் கன்ஸ்ட்ரக்டர் முதலில் செய்தி, பிறகு ஆர்குமென்டின் பெயர் என்று வாங்கும், ஆர்குமென்ட்நல்எக்ஸெப்ஷனும் ஆர்குமென்ட்அவுட்ஆஃப்ரேஞ்ச்எக்ஸெப்ஷனும் முதலில் பெயர், பிறகு செய்தி என்று வாங்கும். இரண்டுமே ஸ்ட்ரிங், மாற்றிக் கொடுத்தால் கம்பைல் ஆகிவிடும். வகையை மட்டும் பார்க்கும் டெஸ்ட் இதை என்றைக்கும் கண்டுபிடிக்காது, எக்ஸெப்ஷனில் ஆர்குமென்டின் பெயர் இருக்கும் பாராம்நேமைப் பார்க்கும் டெஸ்ட் உடனே கண்டுபிடிக்கும். சி ஷார்ப் ஓடும் தளமான டாட்நெட்டில், 6-லிருந்து த்ரோஇஃப்நல் இருப்பதால் புதுக் கோடில் இந்தக் குழப்பம் குறைந்திருக்கிறது.

அதற்காக முழு வாக்கியத்தையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடாதீர்கள். யாரோ ஒரு காற்புள்ளியைத் திருத்தினால் நாற்பது டெஸ்ட் சிவப்பாகும், அப்புறம் செய்தியை மேம்படுத்த யாருக்கும் மனம் வராது. ஆர்குமென்டின் பெயர் இருக்கிறதா, வந்த மதிப்பு இருக்கிறதா, இந்த இரண்டைப் பார்த்தால் போதும். முடிந்தால் எக்ஸெப்ஷனிலேயே இவற்றைத் தனி ஃபீல்டாக வைத்து அதைப் பாருங்கள். பைடெஸ்ட்டின் மேட்ச் ஆர்குமென்ட் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (சில குறிகளுக்குத் தனி அர்த்தம் உள்ள தேடல் வடிவம்) என்பதும், செய்தியின் எந்த இடத்தில் பொருந்தினாலும் ஏற்கும் என்பதும் நினைவிருக்கட்டும். செய்தியில் புள்ளியோ அடைப்புக்குறியோ இருந்தால், அவற்றைச் சாதாரண எழுத்தாகக் கருத வைக்கும் ரீஎஸ்கேப் போட்டுவிடுங்கள். வந்த மதிப்பை மேற்கோள் குறிக்குள் காட்டுங்கள், இல்லாவிட்டால் காலி ஸ்ட்ரிங் வந்ததா, இரண்டு ஸ்பேஸ் வந்ததா என்று லாகில் தெரியாது. கடவுச்சொல், டோக்கன், அட்டை எண் மாதிரி விஷயங்களுக்கு மட்டும் எதிர்ப்பக்க டெஸ்ட்: செய்தியில் அந்த மதிப்பு இல்லவே இல்லை என்று உறுதிசெய்யுங்கள்.

பிழை வந்த பிறகு ஆப்ஜெக்ட் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். முன்பதிவு மாட்யூலில் மெத்தட் முதலில் அறையைப் பிடித்து வைத்தது, பிறகு எண்ணிக்கையைச் சரிபார்த்தது. எண்ணிக்கை தப்பென்றால் எக்ஸெப்ஷன் ஒழுங்காக வரும், ஆனால் அறை பிடித்தபடியே இருக்கும், அடுத்து வருபவருக்கு இடமில்லை என்று சொல்லும். பிழை எறியும் டெஸ்ட் அதோடு நின்றுவிட்டால் இது தெரியாது. பிழைக்குப் பிறகு அதே அறைக்குச் சரியான அழைப்பு ஒன்றைச் செய்து அது பாஸ் ஆகிறதா என்று பார்த்தோம், உடனே மாட்டியது. சரிபார்ப்பு எல்லாம் முதலில், மாற்றங்கள் எல்லாம் பிறகு என்று வரிசையை மாற்றியதும் சரியாகிவிட்டது.

ஒரு நிபந்தனை உண்மையில்லை என்றால் பிழை எறியும் அசெர்ட் கீவேர்டை ஆர்குமென்ட் சரிபார்க்கப் பயன்படுத்துவது பற்றி ஒரு வார்த்தை. பைத்தானை மைனஸ் ஓ ஆப்ஷனோடு ஓட்டினால் அசெர்ட் வரிகள் இருக்கவே இருக்காது. ஜாவாவில் இயல்பு நிலையே அசெர்ட் அணைந்த நிலைதான். ஆனால் ஜாவா ப்ராஜெக்ட்களின் பில்ட் கருவிகளான மேவனின் ஷ்யூர்ஃபயரும் கிரேடிலும் டெஸ்ட் ஓட்டும்போது அதை இயக்கிவிடுகின்றன. டெஸ்ட்டில் இருக்கும் காவல் புரொடக்‌ஷனில் இருக்காது, டெஸ்ட்டும் அதைச் சொல்லாது. பொது மெத்தட்களில் வெளியிலிருந்து வரும் மதிப்புக்கு எக்ஸெப்ஷன்தான்.

இவ்வளவும் செய்த பிறகு, டெஸ்ட் உண்மையிலேயே காவல் காக்கிறதா என்று தெரிந்துகொள்ள நான் நம்புவது ஒரே வழியை: சரிபார்க்கும் வரியைக் கமெண்ட் செய்துவிட்டு டெஸ்ட்டை ஓட்டுங்கள். சரியாக ஒரு டெஸ்ட், அதற்குரிய டெஸ்ட், சிவப்பாக வேண்டும். ஒன்றும் சிவப்பாகாவிட்டால் அந்த வரிக்கு டெஸ்ட்டே இல்லை. கவரேஜ் அறிக்கை அந்த வரி ஓடியது என்று மட்டும்தான் சொல்லும். கோடை இப்படி வேண்டுமென்றே கெடுத்து டெஸ்ட் மாட்டுகிறதா என்று தானாகப் பார்ப்பவைதான் மியூட்டேஷன் டெஸ்டிங் கருவிகள், ஜாவாவுக்கு பிட், பைத்தானுக்கு மியூட்மட், ஜாவாஸ்கிரிப்டுக்கும் சி ஷார்ப்புக்கும் ஸ்ட்ரைக்கர். எல்லை ஒப்பீடுகளை மாற்றிப் பார்ப்பதில் இவை அபாரம். ஆனால் பிட்டை இயல்பு அமைப்பில் விட்டால், மதிப்பு எதையும் திருப்பித் தராத அழைப்புகளைத்தான் நீக்கிப் பார்க்கும். ரிக்வயர்நான்நல் மதிப்பைத் திருப்பித் தருவதால் அதை நீக்கிப் பார்க்காது. அதற்கு நான்வாய்ட் மெத்தட் கால்ஸ் என்ற மியூட்டேட்டரைத் தனியாக இயக்க வேண்டும், அல்லது கையால் செய்ய வேண்டும்.

பழைய கோடில் ஆரம்பிப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. விடுபட்ட சரிபார்ப்பைக் கண்டுபிடித்த உடனே எக்ஸெப்ஷன் எறிய வைத்துவிடாதீர்கள், அந்தத் தளர்வை நம்பி யாராவது கோட் எழுதியிருப்பார்கள். நாங்கள் முதலில் லாகில் எச்சரிக்கை மட்டும் எழுதினோம், மெத்தடை அழைத்தது யார் என்ற விவரத்தோடு. முடிவு நேரமும் தொடக்க நேரமும் சமமாக வரும் அழைப்புகள் ஒரே இடத்திலிருந்து குவிந்தன. விசாரித்தால், அந்த டீம் நாள் முழுவதும் அறை வேண்டும் என்பதைச் சொல்ல அப்படி அனுப்பிக்கொண்டிருந்தது, ஆவணத்தில் எங்கும் இல்லாத வழக்கம், ஆனால் இத்தனை நாளும் வேலை செய்துகொண்டிருந்தது. அதற்கென்று 'நாள்முழுக்க ஒதுக்கு' என்று ஒரு தனி மெத்தட் சேர்த்துக் கொடுத்தோம், அவர்கள் மாறிய பிறகு, அடுத்த பெரிய வெர்ஷனில் சம நேரங்களை மறுக்க ஆரம்பித்தோம். அந்தப் பிழைச் செய்தியில் புது மெத்தடின் பெயர் இருக்கிறது, இருக்கிறதா என்று ஒரு டெஸ்ட்டும் பார்க்கிறது.